தண்ணி சாரும் மண் சுவரும்

செப்டம்பர் 6

ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்து மறுபடியும் ஒரு சைட் டைரி. அரசுக் கட்டிடப் பிரிவில் ஓவர்சியராக முப்பத்துநான்கு வருடம் எழுதிப் பழகிய கை. விதிகள் பழையவைதான். அன்றன்றைக்கு எழுத வேண்டும். பொய் எழுதக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும்.

இடம்: உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே எங்கள் எட்டு சென்ட்.
வேலை: மாதிரிச் சுவர் ஒன்று.
வானிலை: நல்ல வெயில், காற்று.

எதற்கு மாதிரிச் சுவர் என்று குறித்துவைக்கிறேன். என் மனைவி ரங்கநாயகி புவியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். போன சித்திரையில் மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டை மண்ணில்தான் கட்ட வேண்டும் என்கிறாள். செங்கல் கிடையாது, சிமெண்ட் கிடையாது. இரண்டு பலகைக்கு நடுவே ஈர மண்ணைக் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, பலகையைக் கழற்றினால் சுவர். நூறு வருடம் நிற்கும் என்கிறாள். நான் ஒரு மழைக்கு நிற்கட்டும் பார்க்கலாம் என்றேன்.

காங்கிரீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரு மணி நேரம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"பதினோரு ஊர்ல உங்களுக்குக் குடுத்த குவார்ட்டர்ஸ்ல குடியிருந்துட்டேனுங்க. இது ஒன்னாவது என் வீடா இருக்கட்டும்."

அதனால் ஒப்பந்தம் போட்டோம். ஆறடி நீளம், நாலடி உயரம், ஓரடி கனத்தில் ஒரு சுவர். ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க அது வெட்டவெளியில் நிற்க வேண்டும். டிசம்பர் ஒன்றாம் தேதி அளந்து பார்ப்போம். எங்கேயாவது ஓர் அங்குலம் கரைந்திருந்தால் காங்கிரீட் வீடு. இல்லாவிட்டால் மண் வீடு.

செப்டம்பர் 11

மண் சோதனை. அஸ்திவாரக் குழியில் எடுத்த செம்மண்ணைச் சலித்து, மணலும் பொடிச் சரளையும் கலந்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்தாள். கொழுக்கட்டை மாதிரி உருட்டி, இடுப்பு உயரத்தில் இருந்து கீழே போட்டாள். பொடிப்பொடியாகச் சிதறினால் ஈரம் குறைவு. அப்படியே உட்கார்ந்துவிட்டால் ஈரம் அதிகம். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம். நாற்பது உருண்டையாவது போட்டிருப்பாள். பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது வருமே, அந்த முகம் இன்றைக்கு வந்திருந்தது. எனக்கு அந்த முகம் பிடிக்கும். அவளிடம் சொன்னதில்லை.

செப்டம்பர் 14

ஆட்கள்: திருமூர்த்தி மேஸ்திரி, அவருடைய ஆட்கள் இரண்டு பேர், ரங்கநாயகி.

திருமூர்த்தி என்னோடு இருபது வருடம் வேலை பார்த்தவர். டீச்சரம்மா சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, என் பக்கம் திரும்பும்போது மட்டும் மீசைக்குள் சிரித்தார்.

கருங்கல் அடித்தளத்தின் மேல் பலகை அடைத்தோம். அரையடிக்கு மண் கொட்டி நாலு விரற்கடைக்கு வரும்வரை இடிக்க வேண்டும். முதலில் 'தொப் தொப்' என்று கேட்கும் சத்தம் போகப்போக இறுகி 'டங்' என்று மாறுகிறது. அந்த 'டங்' வந்த பிறகுதான் அவள் அடுத்த படை மண்ணைக் கொட்ட விட்டாள். கடைசிப் படையைத் தானே இடித்தாள். ஐம்பத்தொன்பது வயது. திமிசுக்கட்டை எட்டுக் கிலோ. நான் வாங்கிக்கொள்ளப் போனேன், கொடுக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னாள். நான் வாயே திறக்கவில்லை.

செப்டம்பர் 15

பலகை கழற்றினோம். அழகாக இருக்கிறது. டைரியில் பொய் எழுதக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

மேலே மழை இறங்காமல் ஒரு கடப்பாக்கல்லை மூடியாக வைத்தாள். முன்பக்கம் ஒன்பது ஆணி, பின்பக்கம் ஒன்பது ஆணி, தலை மட்டும் தெரியும்படி இறக்கினாள். மண் கரைந்தால் ஆணி வெளியே நீட்டும், எவ்வளவு நீட்டுகிறதோ அவ்வளவு நஷ்டம். எளிய யோசனை. எங்கள் டிபார்ட்மெண்டில் ஒருத்தருக்கும் தோன்றியிருக்காது. பின்பக்கத்தை ஒட்டி இரண்டடியில் கிளுவை முள்வேலி. உள்ளே போக வழியில்லை. மழைக்கு முன்னால் வேலியைக் கழித்துக்கொள்ளலாம், அதுவரை முன்பக்கம் மட்டும் அளந்தால் போதும் என்றாள்.

எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டேன். ஒரு சொட்டுக்கூட ஆகாது, தானாகக் காயட்டும், யாரும் தொடக் கூடாது என்றாள். நானும் விடவில்லை, தண்ணீர் காட்டாத சுவர் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அது சிமெண்டுக்கு என்றாள்.

இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பிரசித்தம். புதுச் சுவருக்கு ஒரு வேளை தண்ணீர் விடத் தவறினாலும் காண்டிராக்டரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவேன். அதனால் எனக்குத் 'தண்ணி சார்' என்று பெயர். கல்யாணமான புதிதில் ஒரு கொத்தனார் வீட்டு வாசலில் நின்று, "தண்ணி சார் இருக்காருங்களா" என்று கேட்டுவிட்டார். ரங்கநாயகி முகம் வெளுத்து உள்ளே வந்தாள். நான் குடிப்பவன் இல்லை என்று நம்பவைக்க ஒரு வாரம் ஆனது. தினமும் என் வாயை முகர்ந்து பார்த்தாள். அந்த வாரத்தைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 16

காலை 5.30: நடைப்பயிற்சி, சைட் வரை. தென்னம்பிள்ளை இரண்டுக்கும் தண்ணீர் விட்டேன். முக்கால் மணி நேரம்.

செப்டம்பர் 17

தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர். முக்கால் மணி நேரம்.

செப்டம்பர் 18

அதே.

செப்டம்பர் 23

தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர். முக்கால் மணி நேரம்.

வேட்டிக் கரையில் செம்மண் எப்படி வந்தது என்று கேட்டாள். தென்னைக்குப் பாத்தி கட்டினேன் என்றேன். முப்பத்தாறு வருடத்தில் எனக்கு ஒரு நாள் காபி போட்டுக் கொடுத்ததில்லை, இரண்டு தென்னம்பிள்ளைக்கு இப்படி உருகுகிறீர்களே என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாளைக்குக் காபி போட்டுக் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 24

காபி போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, நீங்கள் தென்னையையே பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

செப்டம்பர் 28

முன்பக்கம் அளந்தாள். ஆணிகள் அரிசி மணி அளவுக்கு வெளியே வந்திருக்கின்றன. கீழ் மூலையில் இருக்கிற ஒன்பதாவது ஆணி கால் அங்குலம். இன்னும் ஒரு மழைகூடப் பெய்யவில்லை. நகத்தால் அழுத்தினாள், தடம் விழுந்தது. இரண்டு வாரம் ஆகியும் ஏன் காயவில்லை என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

சுவர் மெத்தென்று இருந்தால் என்ன அர்த்தம் என்று என் அனுபவத்துக்குத் தெரியும். நனைப்புப் போதவில்லை. நாளையில் இருந்து தென்னம்பிள்ளைக்கு ஒரு மணி நேரம்.

அக்டோபர் 5

ஒன்பதாவது ஆணி அரை அங்குலம்.

மண்ணை மறுபடி சோதிக்கிறாள். மூன்று கண்ணாடிப் பாட்டிலில் மண்ணும் தண்ணீருமாகக் குலுக்கி, எது எவ்வளவு படிகிறது என்று பார்க்கச் சமையல் மேடையில் வைத்திருக்கிறாள். ரசம் என்று நினைத்து நான் ஒன்றைச் சோற்றில் ஊற்றப் போனேன். வழக்கமாக இதற்கு ஒரு நாள் முழுக்கச் சிரிப்பாள். இன்றைக்குப் பாட்டிலை வாங்கி அதே இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பயிற்சி கொடுத்தவருக்குப் போன் செய்தாள். களிமண் பங்கைத் தப்பாகக் கணித்திருப்பீர்கள் அம்மா என்றாராம். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு மண்ணைப் பற்றிப் பாடம் எடுத்தவள். போனை வைத்துவிட்டு மூன்று பாட்டிலையும் மறுபடி குலுக்கினாள்.

தென்னம்பிள்ளைக்கு ஒரு மணி நேரம்.

அக்டோபர் 12

முன்பக்கக் கீழ் மூலை பெயர்ந்து விழுந்துவிட்டது. ஒரு தேங்காய் அளவு. ஒன்பதாவது ஆணியும் அதோடு வந்துவிட்டது. ரங்கநாயகி அந்த ஆணியைப் பொறுக்கி மண்ணைத் துடைத்தாள்.

"போதுமுங்க. நீங்க சொன்னதுதான் சரி. எனக்குப் படிக்கத் தெரிஞ்ச அளவுக்குக் கட்டத் தெரியல."

அவளே அருள்மணிக்குப் போன் செய்தாள். அருள்மணி என் பழைய சகாவின் மகன், காங்கிரீட் வீடு கட்டும் காண்டிராக்டர். இருபதாம் தேதி நாள் நன்றாக இருக்கிறது, அன்றைக்கே நூல் கட்டிக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றான். அதற்குள் இந்தச் சுவரை இடித்து அப்புறப்படுத்திவிடச் சொன்னாள்.

நான் ஜெயித்திருக்கிறேன். சாயங்காலக் காபியில் சர்க்கரை இல்லை. கேட்கவில்லை, அப்படியே குடித்தேன்.

அக்டோபர் 13

தண்ணீர் விடவில்லை. தென்னைக்கும்.

அக்டோபர் 15

ஆட்கள்: திருமூர்த்தி. வேலை: மாதிரிச் சுவரை இடித்தல்.

ரங்கநாயகி வரவில்லை. கோவிலுக்குப் போவதாகச் சொன்னாள். இன்றைக்குக் கோவிலில் விசேஷம் ஒன்றும் இல்லை.

லாரி வர வசதியாகத் திருமூர்த்தி முதலில் முள்வேலியைக் கழித்தார். பிறகு வேலிப் பக்கம் இருந்தே சுவரில் கடப்பாரையைப் போட்டார். 'ணங்' என்றது. மறுபடி போட்டார். கடப்பாரை துள்ளியது. ஒரு விரல் நகம் அளவு மண் தெறித்தது. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சார், இந்தப் பக்கம் எறங்கமாட்டேங்குதுங்க. கல்லாட்டம் இருக்குது. அந்தப் பக்கம் மட்டும் யாரோ தண்ணி காட்டியிருக்காங்க."

அப்புறம் தண்ணீர் விடுகிற ரப்பர் ஓஸ் கிடக்கிற இடத்தைப் பார்த்தார். அதில் இருந்து சுவர்வரை பாசி பிடித்திருக்கிற தரையைப் பார்த்தார். தென்னம்பிள்ளைகள் இருக்கிற மூலை எதிர்ப்பக்கம், அங்கே தரை காய்ந்து கிடக்கிறது. மீசைக்குள் சிரிக்கவில்லை. நாளைக்கு வரட்டுமா சார் என்று மட்டும் கேட்டார். நான் சொல்லி அனுப்புகிறேன், இனிமேல் சுவரைத் தொட வேண்டாம் என்றேன்.

அவர் போன பிறகு வேலிப் பக்கம் போய் நின்றேன். ஒன்பது ஆணியும் வைத்தது வைத்தபடி. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் கை வைத்தபோதெல்லாம் ஒட்டிய செம்மண் இங்கே ஒட்டவில்லை.

அக்டோபர் 16

வானிலை: மேகமூட்டம். வேறு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 17

சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அருள்மணி அனுப்பிய வரைபடத்தை விரித்துவைத்து, உங்கள் டைரி வைக்க இங்கே ஓர் அலமாரி போடச் சொல்லட்டுமா என்று கேட்டாள். தன் வீடு போனபிறகும் என் டைரிக்கு அலமாரி. போடச் சொல் என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 18

யோசித்தேன். இன்னும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் கேட்ட வீடு கிடைக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை. திருமூர்த்தி சொல்லமாட்டார். பாட்டில்கள் மூன்றும் கழுவிக் கவிழ்த்துவைக்கப்பட்டிருக்கின்றன. அவளுடைய பயிற்சி நோட்டு பழைய பேப்பர் கட்டுக்குள் கிடந்தது. எடுத்துத் துடைத்து என் மேஜையில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 19

திருத்தம். செப்டம்பர் 16 முதல் அக்டோபர் 12 வரை 'தென்னம்பிள்ளை' என்று எழுதியிருந்த இடத்தை எல்லாம் ஒரே கோட்டால் அடித்து 'சுவர்' என்று மாற்றியிருக்கிறேன். இருபத்தேழு நாள், இருபத்தேழு கையெழுத்து.

காரணமும் எழுத வேண்டும். கெடுக்க நினைத்துச் செய்யவில்லை. காங்கிரீட் வீடுதான் வேண்டும் என்று இருந்தது உண்மை. ஆனால் அவள் எட்டுக் கிலோ கட்டையைத் தூக்கித் தூக்கி இடித்ததைப் பார்த்த பிறகு, அந்தச் சுவர் விழுந்து அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. ஒரு சுவர் பலமாக வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் செய்தேன். அவள் வேண்டாம் என்று சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அவள் படித்தவள்தான், ஆனால் எனக்குத்தான் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

காலையில் காபி குடிக்கும்போது டைரியை அவள் முன்னால் வைத்தேன். படித்தாள். கடைசிப் பக்கம் வரை படித்தாள். திருமூர்த்தி வந்த நாளில் விரலை வைத்து, அதில் இருந்து இன்றைய தேதி வரை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"வருத்தம் சுவர் போனதுக்கு இல்லீங்க. எனக்கு மண்ணே தெரியலைன்னு நானே என்னை வஞ்சுக்கிட்டு இருந்தேன். அது அப்படி இல்லைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. நாலு நாளு. பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க."

அருள்மணிக்கு நானே போன் செய்து நாளைக்கு வர வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 20

சாப்பாடு மேஜையில் இருந்தது. டம்ளர் வைக்கிற சத்தம்தான் பதில்.

அக்டோபர் 21

காலையில் எழுந்தால் ஆளைக் காணவில்லை. சைட்டுக்கு ஓடினேன். கையில் ஸ்கேலோடு சுவரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். பின்பக்கம் பூஜ்யம். முன்பக்கம், பெயர்ந்த மூலையைத் தவிர, எந்த இடத்திலும் அரை அங்குலத்துக்கு மேல் இல்லை. அதுவும் ஒன்பது நாள் தண்ணீர் படாததில் மறுபடி இறுகிவிட்டது. நகத்தை அழுத்தினால் நகம்தான் வலிக்கிறது.

எத்தனை மணி நேரம் விட்டீர்கள், கூட்டிச் சொல்லுங்கள் என்றாள். பதின்மூன்று நாள் முக்கால் மணி, பதினாலு நாள் ஒரு மணி. இருபத்து மூன்றே முக்கால் மணி நேரம் என்றேன். ஸ்கேலை வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள் முழுக்க ஓஸ் புடிச்சு அடிச்சும் ஒரு தேங்காய்தான் விழுந்துருக்குதுங்க. இந்த மாதிரி சோதனை எந்த ஆராய்ச்சிக்கூடத்துலயும் செய்யமாட்டாங்க, தண்ணி சார்."

முப்பத்தாறு வருடத்தில் அவள் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் ஓஸைச் சுருட்டினாள்.

ஒப்பந்தம் நீடிக்கிறது. மழை அடிப்பது வேலிப் பக்கம்தான், அது என் கை படாத பக்கம். ஆகவே டிசம்பர் ஒன்றுவரை அந்தப் பக்கத்தை வைத்தே தீர்ப்பு. ஓஸ் இப்போது எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, அவள் படுக்கிற பக்கம்.

நவம்பர் 3

மழை, இரண்டு மணி நேரம். பின்பக்கம்: பூஜ்யம்.

நவம்பர் 9

மழை, காலை முழுக்க. பூஜ்யம். தென்னம்பிள்ளைகள் வாடிவிட்டிருந்தன, இப்போது தெளிந்திருக்கின்றன. பாவம், அதுகள் பேரைச் சொல்லியே ஒரு மாதம் காயப்போட்டேன்.

நவம்பர் 16

காற்றோடு பெரிய மழை, பகல் பதினொன்றில் இருந்து மூன்று வரை. குடையை எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போனேன். மழை சாய்வாக வந்து சுவரில் அறைந்தது. மோட்டார் ரூமில் ஒரு தார்ப்பாய் இருக்கிறது. எடுத்து மூடிவிட்டால் என்ன என்று கை பரபரத்தது. வலது கையால் குடையைப் பிடித்து, இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். நாலு மணி நேரம் அப்படியே நின்றேன். சர்வீஸில் இதைவிடக் கஷ்டமான மேற்பார்வை பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரங்கநாயகி துண்டு எடுத்துக் கொடுத்தாள். மூடினீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பினாள். டைரியைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை.

டிசம்பர் 1

ஆட்கள்: திருமூர்த்தி, ரங்கநாயகி, நான்.

பின்பக்கம் ஒன்பது ஆணியையும் அளந்தோம். அதிகபட்சம் ஓர் அரிசி மணி கனம். இரண்டு தடவை அளக்கச் சொன்னேன். இரண்டாவது தடவை ஸ்கேலை நானே பிடித்தேன். அரிசி மணிதான்.

நான் தோற்றுவிட்டேன். எழுத எவ்வளவு நன்றாக இருக்கிறது.

இந்தச் சுவரை இடிக்க வேண்டாம், துணி துவைக்கிற இடத்துக்கு மறைப்பாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். மூலையில் தேங்காய் விழுந்த பள்ளத்தைப் பூச வேண்டுமா என்று திருமூர்த்தி கேட்டார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, அது அப்படியே இருக்கட்டும் என்றாள்.

மே 9

சுவர் வேலை எல்லாம் முடிந்து, இன்று கூரைக் காங்கிரீட். ஆமாம், காங்கிரீட். மண் சுவருக்கு மேலே நல்ல கூரை வேண்டும், சுற்றிலும் மூன்றடி வெளியே நீட்ட வேண்டும், அது உங்கள் பாடு என்று அவளே எனக்குக் கொடுத்தாள். கலவை, கம்பி, ஓரத்தில் நீர் வடியும் வெட்டு எல்லாம் நானே நின்று பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் குனிந்து ஓஸை இழுத்தாள். ஏழு மாதத் தூசியைத் துடைத்து, சுருள் கலையாமல் என் கையில் வைத்தாள்.

"இருபத்தோரு நாள். உங்களுக்குத் திருப்தியாகுற மட்டும் விடுங்க. ஒரு சொட்டு என் சுவத்துல வடிஞ்சுது, அப்புறம் பாத்துக்குங்க."

மே 10

காலை 5.30. வானிலை தெளிவு. ஓரத்தில் வடியாதபடி பாத்தி கட்டி ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டேன். கூரைக்கு மட்டும்.